நாற்பது பக்கக் கோடு நோட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எங்கள் குவார்ட்டர்ஸில் இது எல்லோருக்கும் தெரியும். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், என் கணவர், அவருடைய மேலதிகாரியின் மனைவி, ஒருவரையும் நான் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை, கோபப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் பயந்துபோனேன். அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஹைதராபாத்தில், காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான புதிதில் மாரெட்பள்ளியில் ஒரு போர்ஷனில் குடியிருந்துவிட்டு, குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் இங்கே வந்தோம். பிள்ளைகள் இரண்டும் காலையில் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வரும். நான் தமிழில் ஒன்று கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். மத்தியானம் முழுக்க எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் யாருடனாவது சண்டை போடுவேன் என்று என் கணவருக்குத் தெரியும். மாதர் சங்கத்தில் 'பெரியவர்கள் வகுப்பு' ஆரம்பித்தபோது, போய்ச் சேர் என்று அவர்தான் பிடித்துத் தள்ளினார்.

வகுப்பு கம்யூனிட்டி ஹாலில், மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. ஓய்வுபெற்று அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீடு கட்டிக்கொண்டவர்கள் வருவார்கள். மகன் வேலைக்கு வந்துவிட்டான் என்று ஊரை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, பாஷை தெரியாமல் நாலு சுவருக்குள் அடைந்து கிடந்த தாய் தகப்பன்மாரும் வருவார்கள். ஒரே ஒரு சட்டம்தான். இங்கே ஏதாவது கற்றுக்கொள்ள வந்தால், ஏதாவது கற்றுக்கொடுக்கவும் வேண்டும். ஒரு பஞ்சாபி அம்மாள் ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த மணி நேரம் அவரே பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் போர்டு படிப்பதற்காகத் தெலுங்கு எழுத்துகளை எழுதிக்கொண்டிருப்பார். எனக்கு வருகைப் பதிவேடு, சாக்பீஸ், ஜமுக்காளம் விரிப்பது, கண் தெரியாதவர்களைக் கைபிடித்து ரோடு தாண்டவைப்பது என்று எடுபிடி வேலை. பிறகு எனக்கும் ஒரு பாடம் வந்தது. பின்னால் இருந்த சின்ன அறையில், தமிழே எழுதப் படிக்கத் தெரியாத நாலு பெண்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள்.

வெளியாட்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் யாரும் யாரிடமும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். என் கணவர் உள்ளே என்ன செய்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. காலையில் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் துவைப்பேன். என்ன எண்ணெய் என்று கேட்க மாட்டேன். மீறி, கல்யாண வீட்டிலோ சீட்டாட்டத்திலோ யாராவது வாய் தவறி ஆரம்பித்துவிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதட்ட மாட்டார்கள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒருவர் எழுந்தால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பேசியவர் தனியாக உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொள்வார். அவர்கள் திரும்பி வந்ததும் கிரிக்கெட்டைப் பற்றியோ கத்தரிக்காய் விலையைப் பற்றியோ பேசுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

அந்த வகுப்புக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மெஷின் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரை ஃபோர்மேன் என்றே கூப்பிட்டோம். நெடுநெடுவென்ற ஆள். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் ஒரு இரும்பு ஸ்கேல். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் இருந்த காலனியில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போவதில் அந்தக் காலத்தில் அவர்தான் முதல் ஆள் என்று என் கணவர் சொல்வார். எதிரில் இருப்பது யார் என்றெல்லாம் பார்க்க மாட்டாராம்.

ஃபோர்மேன் மண்ணெண்ணெய் ஸ்டவ் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் வீட்டு ஸ்டவ்வைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பர்னர் துவாரத்தில் பின் அடித்து அடைப்பெடுப்பது, வாஷர் மாற்றுவது, பம்ப் தோலுக்கு எண்ணெய் விடுவது என்று ஒவ்வொன்றாக அவர்கள் கையாலேயே செய்யவைப்பார். தான் தொட மாட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். கூட வந்த அவர் மனைவி என் அறையில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தார். மகளுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

சில மாதத்திலேயே ஃபோர்மேனிடம் கோளாறு தெரிந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு வீட்டுக்குப் போகும் வழி போனது. வயசுக் கோளாறு என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு நாள் ஹாலில் ஸ்டவ் பர்னரைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவர், இதே போலத்தான் உள்ளே நாங்கள் ஒன்று செய்தோம் என்று ஆரம்பித்து, பெஞ்சிலிருந்த ஓய்வுபெற்றவர்களைப் பார்த்து, கொஞ்சம் இந்தி, கொஞ்சம் தெலுங்கில் விவரமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். முன் பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பின்னாலேயே ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள். பெண்களும் ஸ்டவ்வை விட்டுவிட்டுப் போனார்கள். வராண்டாவில் பானையைச் சுற்றி ஒரே கூட்டம்.

ஃபோர்மேன் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்தார். பர்னரோடு அவரும் வராண்டாவுக்கு வந்து, பானைப் பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து சொன்னார். வாயில் தம்ளரை வைத்தவர்கள் எடுக்கவில்லை. ஒருவர் மூன்று தம்ளர் குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

இது நாலைந்து தடவை நடந்தது. வகுப்புக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, ஆந்திராக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். என்னைக் கூப்பிட்டு, ஃபோர்மேனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, நாளைக்கு யாராவது விசாரித்தால் என்ன சொல்வோம் என்றார். நான் ஏறுக்கு மாறாகப் பேசினேன். ஒரு ஆளுக்கு மூளை கெட்டுப்போனால் ஊர் கூடித் தள்ளி வைப்பதா, இதற்குப் பெயர் பெரியவர்கள் வகுப்பா என்று கத்தினேன். கடைசியில் நானே ஒரு வழியும் சொன்னேன். ஃபோர்மேன் ஹாலில் இருக்க வேண்டாம். என் பின்னறையில் இருக்கட்டும். அங்கே இருப்பது எழுத்தே தெரியாத நாலு பெண்களும் நானும். அவர் என்ன சொன்னாலும் எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னறையில் ஃபோர்மேன் வேறு ஆளாக ஆகிவிட்டார். கரும்பலகை, எதிரில் பெஞ்சு, பெஞ்சில் நோட்டும் பென்சிலுமாக நாலு பேர். இதைப் பார்த்ததும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் பாடத்தை முடித்ததும் என் கையிலிருந்து சாக்பீஸை மரியாதையாக வாங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினார்.

முதல் நாள் தன் மனைவியைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்று, "பொள்ளாச்சிப் பக்கமுங்க" என்றார்.

"அப்படிங்களா. எங்கூட்டுக்காரியும் அந்தப் பக்கந்தானுங்க" என்றார் ஃபோர்மேன். "உக்காருங்க. நாஞ் சொல்றத எழுதிக்கோணும். மறந்துட்டேன்னு நாளைக்குச் சொன்னா, கை போயிருமுங்க."

அக்கா உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார்.

அன்றைக்கு வகுப்பு விட்டதும் நான் அவரைத் தேற்றப் போனேன். இப்படி ஆளே தெரியாமல் கேட்டுவிட்டாரே என்று ஏதோ சொன்னேன். அவர் என்னை நிறுத்திவிட்டார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது, ஆனால் அழவில்லை.

"இருவத்திரண்டு வருசமுங்க டீச்சர். அங்க என்ன நடக்குதுன்னு ஒத்த வார்த்தை எங்கிட்டச் சொன்னதில்லீங்க. ஊட்டுல இப்பவும் வாயே தொறக்கறதில்ல. இங்கதான் சொல்றாரு. நான் யாருன்னு தெரியாமத்தான் சொல்றாரு. இருந்தாலும் சொல்றாருங்கள்ல. அது நிக்கறதுக்குள்ள எழுதிப்போடணுமுங்க."

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது இதுதான். ஃபோர்மேன் ஒரு வாக்கியம் சொல்வார். அக்கா ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டு எழுதுவார். 'ழ' வந்தால் என்னைப் பார்ப்பார், நான் பலகையில் போட்டுக் காட்டுவேன். பென்சில் நிற்கும் வரை ஃபோர்மேன் காத்திருப்பார். எத்தனை தடவை கேட்டாலும் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வார், கொஞ்சம்கூட அலுத்துக்கொள்ள மாட்டார். ஒரு மணி நேரத்தில் ஆறு வரி வந்தால் அதிகம். மற்ற மூன்று பெண்களும் தங்கள் பாட்டுக்கு எழுதிப் பழகுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில் தெலுங்குப் பாடம் நடக்கும்.

எழுதுவதையெல்லாம் வீட்டில் போய்ப் படிப்பீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. எழுதும்போது கண்ணெல்லாம் எழுத்தின் மேலேயே இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது மனதில் நிற்பதே இல்லை, திரும்பிப் படிக்கப் போனால் எழுத்துக்கூட்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது என்றார். நன்றாகப் படிக்க வந்த பிறகு, ஊருக்குப் போய் மகளோடு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்துக்கொள்வாராம். அதற்குள் மூன்று மாதம் ஓடி, நாற்பது பக்க நோட்டு முடியும் நிலைமைக்கு வந்திருந்தது. எழுத்துக்கு இப்போது ஒரு உருவமும் வந்திருந்தது. நான் அதில்தான் பெருமைப்பட்டேன். என்ன எழுதுகிறார் என்று ஒரு நாளும் நான் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பதுதான் எங்களுக்குப் பழக்கம்.

ஒரு வியாழக்கிழமை. என் கணவர் வேலையிலிருந்து வந்து, டிபன் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னிக்கு செக்யூரிட்டி ஆபீசர் என்னைய வழியில நிறுத்திக் கேட்டாரு. உங்க வீட்ல ஏதோ வகுப்பு எடுக்காங்களாமேன்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்ல?" தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார். "அங்க யாரும் எதுவும் பேசலேல்லா?"

இல்லை என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தோசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு உத்தியோக உயர்வு வரவேண்டிய நேரம். பெரியவனுக்கு அடுத்த வருஷம் காலேஜ். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது, ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று இல்லாததெல்லாம் மனதில் ஓடியது.

வெள்ளிக்கிழமைகளில் நோட்டுகளைத் திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துவருவேன். அன்றைக்கும் நாலு நோட்டையும் எடுத்துவந்தேன். மறுநாள் சனிக்கிழமை. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அக்காவின் நோட்டைப் பிரித்தேன். முதல் தடவையாக, பிழை பார்ப்பதற்காக இல்லாமல் படித்தேன்.

'புதுசா வந்தவங்க கைக்கடியாரம் கட்டக் கூடாது' என்று ஆரம்பித்தது. பிறகு, எந்த மெஷின் காலையில் சண்டித்தனம் பண்ணும், அதை எப்படித் தட்டிக்கொடுக்க வேண்டும். யாருக்கோ விரல் போனது. போன விரலைத் தேடி எடுத்தது இவர்தான். 'மத்தியானம் தயிர்ச்சோறு. ஊறுகா ஊட்டுக்காரி போட்டது. எல்லாரும் கேப்பாங்க. நான் குடுக்க மாட்டேன்.' அதைப் படித்துச் சிரித்தேன். இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று. 'பொண்ணு பொறந்த சேதி கேட்டுலயே நின்னுபோச்சு. சாயங்காலம் வெளிய வந்தப்பத்தான் சொன்னாங்க. பஸ்ஸுல அழுதேன். வெயில்ல கண்ணு கூசுதுன்னு சொன்னேன்.' புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அங்கே ஒரு படம் இருந்தது. பலகையில் ஃபோர்மேன் போட்டதைப் பார்த்து அக்கா போட்டது. ஒரு வட்டம், அதிலிருந்து ஒரு குழாய், பக்கத்தில் எண்கள். அடுத்த பக்கத்தில் இன்னும் சில எண்கள். நோட்டு முழுக்கப் பார்த்ததில் இப்படி மொத்தம் நாலு இடம்.

அது என்ன படம், என்ன எண் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இருபது வருடம் இருந்திருக்கிறேன். எது ரகசியம் என்று தெரிந்தவர்களுக்குத்தானே எது ரகசியமில்லை என்றும் தெரியும்? எனக்குத் தயிர்ச்சோறும் ரகசியமாகப் பட்டது. அந்த விரல், பஸ்ஸில் அழுதது, எல்லாமே உள்ளே இருந்து வந்தவை, என் பாடத்தில், என் சாக்பீஸில், என் பதிவேட்டில் இருக்கும் ஆள் எழுதியவை. அந்த ஆபீசர் என் வீட்டு வாசலில் நிற்பதுபோலவே எனக்கு இருந்தது.

குளியலறையில் வெந்நீர் பாய்லர் இருந்தது. சிராய்த் தூளும் தேங்காய் மட்டையும் போட்டு எரிப்போம். நோட்டைக் கிழித்துக் கிழித்து அதில் போட்டேன். படமும் எண்ணும் இருந்த நாலு தாளை மட்டும் கிழித்திருந்தால் போதும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அட்டை வரைக்கும் எரித்தேன். அந்தத் தண்ணீரில் பிள்ளைகள் சாயங்காலம் குளித்தார்கள். என் கணவர் வந்ததும் சொன்னேன். ஃபோர்மேன் பெயரைக்கூட நான் சொல்லவில்லை, ஒரு நோட்டை எரித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நல்லதாப் போச்சு என்றார்.

திங்கட்கிழமை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நோட்ட எரிச்சுட்டேன்க்கா. நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் அதான் நல்லது."

அக்கா என் முகத்தையே பார்த்தார். "எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்."

புது நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்தேன். இதில் மகளுக்கு எழுதும் கடிதத்தைப் பழகுங்கள் என்றேன். ஃபோர்மேனை இனி உள்ளே அழைத்துவர வேண்டாம், தலைவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னேன். பழியைத் தலைவர் மேல் போட்டேன். அவர் பாவம், ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அக்கா சரிங்க என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஃபோர்மேனை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் மறுநாள் ஃபோர்மேனும் கூடவே வந்தார். ஹால் வாட்ச்மேனிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவர் பழைய ஹைதராபாத்காரர், வயதானவர். படியில் கையை நீட்டி ஃபோர்மேனைத் தடுத்தார். ஃபோர்மேனுக்குக் கோபம் வரவில்லை. மன்னிக்க வேண்டும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையைத் தடவினார். பிறகு பேண்ட் பை, திரும்பவும் சட்டைப் பை. கேட் பாஸைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வரிசையில் பின்னால் யாரோ நிற்பதுபோல ஒதுங்கி நின்று தேடினார். ஸ்கேலை எடுத்துக் காட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் என்னிடம் வந்து, "காய்கூ அம்மா, எதுக்கு? அவர் என்ன செஞ்சார்?" என்று கேட்டார். நான் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் அப்படி வந்தார்கள். பிறகு வரவில்லை. பதிவேட்டில் இருவர் பெயருக்கும் நேரே நானே கோடு போட்டேன்.

ஒரு மாதம் கழித்து என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் செக்யூரிட்டி ஆபீசர் தன் அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வந்திருக்கிறாராம். அந்த அம்மாளுக்குப் பொழுது போகவில்லையாம், உங்கள் வீட்டம்மா வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் அன்றைக்கு வழியில் நிறுத்தினாராம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பாதியிலேயே விட்டுவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் கோபம் வந்தது, வந்து என்ன பிரயோசனம்? அவரைத் திட்டினேன், ஆபீசரைத் திட்டினேன், தோசைக்கல்லைத் தரையில் போட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் வெளியே ஓடிவிட்டார்கள். அந்த அம்மாளைச் சேர்த்துக்கொண்டேன். நல்ல மனுஷி, தமிழ்க்காரர், எழுத்துத் தெரியாதவர். பின்னறையில் வேறு இடம் இல்லாததால் அக்கா உட்கார்ந்த இடத்தில்தான் அவரும் உட்கார்ந்தார்.

அதற்குள் ஃபோர்மேன் பேச்சு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். படிப்படியாகக் குறையக்கூட இல்லையாம், ஒரேயடியாக நின்றுவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. போகலாம் என்று இரண்டு தடவை புடவை மாற்றினேன். காலனிக்குப் போகும் சந்து வரை ஒரு தடவை போனேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போய் உட்காருவது என்று திரும்பிவிட்டேன்.

அடுத்த வெயில் காலம் தொடங்குவதற்கு முன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. போகிற அன்று, மத்தியானம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா மட்டும் இறங்கி வந்தார். ஆட்டோவுக்குள் ஃபோர்மேனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபோர்மேன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி போடவா என்று கேட்டேன். வேண்டாமுங்க, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். உட்காரவும் இல்லை. கதவுப் பக்கமே நின்றார்.

"டீச்சருங்க, எரிக்கறதுக்கு முன்னால நீங்க அதைப் படிச்சீங்கள்ல?"

ஆமாம் என்றேன்.

"நா எழுதுனதோட சரிங்க. படிக்கலை. நீங்க ஒருத்தருதான் படிச்சிருக்கீங்க." சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். "அதுல என்னயப் பத்தி ஏதாச்சும் சொல்லீருந்தாருங்களா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஊறுகாய் வரி ஒன்றே போதும். ஆனால் இருந்தது என்று சொன்னால், இருந்ததை எரித்தவள் நான் என்று ஆகும். நாலு தாளுக்குப் பயந்து நாற்பது பக்கத்தையும் நெருப்பில் போட்டவள் என்று அவர் முன்னால் நிற்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"இல்லக்கா. அதுல ஒண்ணும் இல்ல. வெறும் நம்பர்தான்."

அக்கா கையில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டார். கோபமாகப் பார்க்கவில்லை.

"நம்பரு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க டீச்சர். பஸ்ஸு நம்பரு பாத்துத்தான் ஏறுவனுங்க. அதுல நா நம்பரு எழுதுனது நாலே எடத்துல. மத்ததெல்லாம் எழுத்துங்க."

வரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட் வரை இருபது அடிதான். கூப்பிட்டிருக்கலாம். திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில், அந்த நோட்டில் பாதி எனக்கு அப்போது மனப்பாடமாகத் தெரியும். ஆட்டோ கிளம்பும் வரை நின்றேன், கூப்பிடவில்லை.